சுருள் தீர்ந்த நேரம்

இங்கிலாந்தின் ராதர்ஹம் நகரில், இரும்பாலைத் தெருவில் வின்னி ஆக்ராய்ட் அடிக்கடி கீழே விழுபவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். கணவன் நார்மன்தான் அடிக்கிறான் என்று அக்கா ஐவியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நார்மனா? கிளப்புல பாட்டுப் பாடி எல்லாரையும் சிரிக்க வைக்கிறவனா? போடி!"

புகார் கொடுக்கப் போனபோது போலீஸ்காரரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்.

1974-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம், சாதாரணக் குடும்பம் ஒன்றின் அன்றாடத்தை அப்படியே படமெடுத்து வாராவாரம் காட்ட ஆள் தேடியது. நார்மன் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டான். வீட்டில் ஆள் இருந்தால் கை நீளாது என்று வின்னியும் போட்டாள்.

படக்குழுவினர் பேசக்கூடாது, தலையிடக்கூடாது. கேமராக்காரர் ஜூலியன் அடுப்போரம் நிற்பார். ஒலிப்பதிவாளர் ஹியூ மைக்கைச் சமையலறையில் வைத்துவிட்டு, காதில் ஹெட்போனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். ஃபிலிம் சுருள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜூலியன் முன்னறைக்குப் போய்க் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்டு மாற்றிக்கொண்டு வருவார். நார்மன் இதைக் கவனித்து வைத்திருந்தான்.

ஞாயிறு மதியம், இறைச்சிக்கு ஊற்றும் குழம்பு கட்டிதட்டியிருந்தது.

"சிமெண்டு கலந்தியா?" என்றான் நார்மன் சிரித்துக்கொண்டே.

"அப்ப நீயே வந்து கிண்டு."

கேமராவுக்காக அதற்கும் சிரித்தான். சுருள் தீர்ந்தது. ஜூலியன் முன்னறைக்குப் போனார்.

நார்மன் அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜை விளிம்பில் மோதினான். பற்கள் உடைந்தன. "ஊரு பாக்குறப்ப எதுத்துப் பேசுவியா?" விழுந்தவளை விலாவில் உதைத்தான். மறுபடியும் உதைத்தான். ஜூலியன் திரும்பியபோது தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வழுக்கி விழுந்துட்டா, பாவம்."

ஃபிலிமோடு ஒலிநாடாவும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தான். நாடா அதைவிட நீளம், ஓடிக்கொண்டேயிருந்தது.

மருத்துவமனைக்கு ஹியூ வந்தார். "நான் உள்ள வந்திருக்கணும்."

"வரலைல்ல. விடுங்க. டேப் இருக்கா?"

"இருக்கு. ஆனா படம் இல்ல. திரை கறுப்பாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும். போடுங்க."

ஒளிபரப்பான மாலை வின்னி ஐவி வீட்டில் இருந்தாள். நார்மன் கிளப்பில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தபடி பார்த்தான். திரை கறுத்ததும் யாரோ பெட்டியைத் தட்டினார்கள். பிறகு மேஜையில் எலும்பு மோதும் சத்தம், நார்மனின் குரல், வின்னியின் அலறல். அவன் பக்கத்திலிருந்தவர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார்கள்.

நார்மன் நேரே ஐவி வீட்டுக்கு வந்து கதவை உதைத்தான். "வெளிய வாடி! கொன்னுடறேன்!"

தாழ்ப்பாள் பிய்ந்தது. ஐவி நிலக்கரி அள்ளும் இரும்புக் கரண்டியால் அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு நொறுங்கி மண்டியிட்டான். அவள் மறுபடி ஓங்கினாள்.

வின்னி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "போதும் ஐவி. போலீஸைக் கூப்பிடு. இப்ப நம்புவாங்க."