கடைசி பெஞ்சில் ஒரு பூச்சாண்டி

எங்கள் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுப்பது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் பாடம் நடத்துவதைக் கவனித்து, பிறகு தனியாகப் பேசி, இன்னும் நன்றாக நடத்த உதவ வேண்டும். கற்பித்தல் மேம்பாட்டுக் குழு என்று அதற்குப் பெயர். குழுவில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சாமர்த்தியமாகக் கழன்றுகொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளும்போது முதல்வரிடம் ஒரு நிபந்தனை போட்டேன். வகுப்பில் நான் பார்ப்பது எனக்கும் அந்த ஆசிரியருக்கும் நடுவில் மட்டும்தான். உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் சரி என்றார். ஆசிரியர் கூட்டத்திலும் எழுந்து நின்று இதையே சொன்னேன். எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். அந்த ஆட்டத்திலேயே ஒருத்தரும் நம்பவில்லை என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து நான் ஓய்வறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு ரோஷம் அதிகம், அதனால் டீயை வெளியே நின்றே குடிக்கப் பழகிக்கொண்டேன்.

போன கல்வியாண்டின் கடைசியில் புள்ளியியல் நடத்தும் ஒரு இளம் ஆசிரியையின் வகுப்புக்குப் போனேன். தற்காலிகப் பணி. ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தால்தான் வேலை. குன்றக்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் மாமனாரின் மருந்தும் ஓடிக்கொண்டிருந்தன.

அன்று அவர் நிகழ்தகவு நடத்தினார். ஒரு கேள்வி கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து பதில் வந்தது. அடுத்த கேள்விக்கு ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது. எல்லாம் சரியான பதில்கள். என் வகுப்பில் எந்தக் காலத்திலும் பிள்ளைகள் இப்படிப் பதில் சொன்னதில்லை. கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அப்போது நடுவில் ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம், நேத்தும் இந்த எடத்துலதான் எனக்கு இடிச்சுச்சு. காசு தொடர்ந்து தலையாவே விழுந்தா அடுத்து பூதானே விழணும்?"

வகுப்பே உறைந்துபோனது. முதல் நாளே இதே பாடத்தை நடத்தி, யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்று ஆசிரியை பிரித்துக் கொடுத்திருக்கிறார். அவள் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தங்கள் மேடத்துக்கு வேலை போய்விடும் என்ற பயம் அத்தனை முகத்திலும் இருந்தது. என்னைப் பார்த்து யாரும் அப்படிப் பயந்ததில்லை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அந்த ஆசிரியை வெளிறிப்போய் நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, கைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அந்த மாணவியிடம் கொடுத்துச் சுண்டச் சொன்னார். "முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டார். அவள் சுண்டிச் சுண்டிப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளைகளும் தங்கள் காசை எடுத்துச் சுண்ட ஆரம்பித்தார்கள். வாக்குவாதம் வந்தது. மணி அடிக்கும்வரை ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அசல் பாடம். நானாக இருந்தால் அவ்வளவு அழகாகச் செய்திருக்க மாட்டேன்.

வகுப்பு முடிந்ததும் இதைத்தான் அவரிடம் சொன்னேன். ஒத்திகை தேவையே இல்லையம்மா, அந்தப் பெண் கேட்ட பிறகு செய்தீர்களே, தினமும் அதைச் செய்யுங்கள் என்றேன். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே, "மேடம், சார்ட்ட என்ன சொல்லப் போறீக?" என்றார். ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் முகம் இன்னும் இருண்டது.

அன்று சாயங்காலமே முதல்வர் கூப்பிட்டார்.

"நீங்க ஒண்ணும் எழுதித் தர வேண்டாம் மேடம். அந்தப் புள்ளியியல் மேடம் எப்புடி எடுக்குறாக? நல்லாவா, சுமாராவா? அடுத்த வருசத்துக்கு முடிவு பண்ணணும்."

"நம்ம பேசினது அப்படி இல்லையே சார்."

"அப்ப சொல்ற மாதிரி இல்லைன்னு எடுத்துக்கிறவா?"

நன்றாக எடுக்கிறார் என்று சொல்ல ஒரு நொடி போதும், அது உண்மையும்கூட. ஆனால் இவருக்கு நல்லது சொல்லிவிட்டு நாளை இன்னொருவருக்கு வாயை மூடிக்கொண்டால், அந்த மௌனமே அவர் கழுத்துக்குக் கத்தியாகிவிடும். சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு.

"நீங்களே ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்க சார்" என்றேன்.

"நான் போனா பயந்துருவாக மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு விடுமுறை முழுக்கப் பயம்தான். நான் பிடித்த பிடிவாதத்துக்கு ஒரு வீட்டில் அடுப்பு அணையப்போகிறதா என்று நினைத்தால் சோறு இறங்காது. போன் செய்து நல்லபடியாகச் சொல்லிவிடலாம் என்று பலமுறை முதல்வர் எண்ணை எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன். கடைத்தெருவில் அந்த ஆசிரியையைப் போல ஒரு பெண்ணைப் பார்த்து, வாங்க வந்ததை வாங்காமல் வேறு சந்தில் புகுந்து வீடு திரும்பினேன். வேலை போனவர் அவர் இல்லை, நான்தான் என்பது போல ஒளிந்து திரிந்தேன்.

கல்லூரி திறந்தது. அவருக்குப் பணி நீட்டிப்புக் கிடைத்திருந்தது. எப்படிக் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வேறு ஆள் கிடைக்காமல் இருந்திருக்கலாம். கோயில் விபூதியும் கையுமாக என் அறைக்கு வந்தார். நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மொதல்ல முருகன், அடுத்தாப்ல நீங்க மேடம். நீங்கதான் நல்லபடியாச் சொல்லியிருக்கீக."

"சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லலைம்மா."

"தெரியும் மேடம். வெளிய மூச்சு விடமாட்டேன்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. போகும்போது வாசலில் நின்று, "இந்த வருசமும் என் கிளாஸுக்கு வாங்க மேடம். போன தடவ மாதிரி ஆகாது. நீங்க வார அன்னைக்கு அந்தப் பிள்ளைய லீவு போடச் சொல்லிருறேன். நல்ல பிள்ளைதான், ஆனா கேள்வி கேக்காம இருக்க மாட்டா" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கண்ணில் மறுபடியும் பயம் வந்து உட்காருவதைப் பார்த்தேன். வருகிறேன் என்று தலையாட்டினேன்.