சரளாவும் மூன்று புல்வெட்டும் மெசின்களும்

லகாட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தபோது சரளாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஈப்போவில் மின்விசிறித் தொழிற்சாலையில் மோட்டார் பூட்டினாள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

பள்ளி ஸ்டோரில் புல்வெட்டும் மெசின்கள் மூன்று துருப்பிடித்துக் கிடந்தன. அனுப்பும்போதெல்லாம் பழுதுபார்க்கிறவன் எதையாவது கம்பியால் கட்டித் திருப்பிக் கொடுத்திருந்தான். சனிக்கிழமை விளையாட்டுப் போட்டி. திடலில் புல் முழங்கால் உயரம்.

"பழைய இரும்புக்குப் போட்ருவோம்க்கா. வெளிய ஆள் கூப்புடலாம்" என்றார் தலைமையாசிரியர் சதாசிவம்.

"ரெண்டு நாள் குடுங்க சார். தொறந்து பாக்குறேன்."

முதல் மெசினைக் கவிழ்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கத்திய தலகீழா மாட்டிருக்கானுங்க லா! இது புல்ல வெட்டாது சார், தடவிக் குடுக்கும்."

இரண்டாவதில் காற்று வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் இருந்தது. எஞ்சினுக்குள் அத்தனையும் மண்.

மூன்றாவது, கயிற்றை இழுத்தவுடன் உறுமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை. கையை எடுத்தால் எஞ்சினை நிறுத்தும் பிடியை யாரோ கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மெசின் ஓட, பிடித்துக்கொண்டு சரளாவும் ஓடினாள்.

"விட்ருங்கக்கா!"

"விட்டா ஆபிஸுக்குள்ள பூந்துரும் சார்!"

பலம் கொண்ட மட்டும் திருப்பிச் செம்பருத்தி வேலிக்குள் விட்டாள். கிளைகளில் சிக்கி, இருமி, அடங்கியது. வகுப்பறை ஜன்னல்களிலிருந்து ஒரே கைதட்டல். தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள் சரளா. தொழிற்சாலை மூடியதிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மூன்றாவதின் கம்பியை வெட்டி எறிந்து, பிடியைச் சரிசெய்தாள். இரண்டாவதின் நல்ல சக்கரங்களையும் முதலாவதின் கத்தியையும் அதில் பூட்டினாள். கத்தியை இம்முறை சரியான பக்கம்.

வெள்ளிக்கிழமை காலை தொடங்கியவள் மாலைக்குள் திடல் முழுவதையும் வெட்டி முடித்தாள். பூச்சி பொறுக்கக் கொக்குகள் அவள் பின்னாலேயே நடந்தன. சதாசிவம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து பார்த்தார்.

"சிம்பாங் பூலாய் ஸ்கூல்லயும் ரெண்டு மெசின் கெடக்காம். பாப்பீங்களாக்கா?"

"கொண்டாரச் சொல்லுங்க சார்!"

மறுநாள் பணியாளர் ஓட்டப்பந்தயத்துக்கு அவள் பெயரைப் பிள்ளைகளே கொடுத்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். மூன்றாவதாக வந்தாள். பரிசு ஒரு மஞ்சள் வாளி. அதை இரு கையாலும் தலைக்குமேல் தூக்கிக்காட்டியபடி திடலை இன்னொரு சுற்று வந்தாள்.