கொல்லைக் கிணற்றுக்குப் போகும் வழி

கடலூர் முதுநகரில் அந்தப் பழைய பங்களாவுக்கு எத்தனை தூண்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் மரபு நடைக் குழுவினர் எண்ணினார்கள், போட்டோவும் எடுத்தார்கள். நான் தோட்டக்கார அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெடுநெடுவென்ற உயரம். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. கொல்லைக் கிணற்றைக் காட்ட எங்களுக்கு முன்னால் நடந்தவர், பாதி வழியில் சட்டென்று தலையைக் குனிந்து நிமிர்ந்தார். மேலே வெறும் வானம்தான் இருந்தது. பின்தங்கியவர்களை அழைக்கத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் குனிந்தார்.

"என்னம்மா, கழுத்து வலியா?" என்றேன்.

"இல்ல சார். இங்க பெரிய மாமரம் இருந்துச்சி. கெளை ஒண்ணு குறுக்கால வரும், நெத்தியில இடிக்கும். புயல்ல மரமே சாஞ்சிடுச்சி."

"அதான் போயிடுச்சே?"

"எனக்குத் தெரியுது சார். கழுத்துக்கு யாரு சொல்றது?"

சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். இப்போது அங்கே வெறும் வானமாகத் தெரியவில்லை.

கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நான் முதல் ஆளாக நடந்தேன். அந்த இடம் வந்ததும் தலை தானாகத் தாழ்ந்தது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் குனியணும் சார். நீங்க என்னவிட ஒசரம்."