இருமல் மருந்தும் மலையேறிய சைக்கிள்களும்

மூடி வைத்த இருமல் மருந்து பாட்டிலில், இரண்டே நாளில் ஒரு விரல்நகம் அளவு மருந்து எப்படிக் குறையும்? மூன்று வருடமாக யோசிக்கிறேன். 

போன வாரம் பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். சுவரிலிருந்த டிவியில் சைக்கிள் பந்தயம். சாம்பார் ஊற்ற வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சேனல் மாத்தவா அக்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாதியிலேயே இலையை மூடினேன்.

மூன்று வருடம் முன்பு பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்தோம். நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காகப் பதித்திருக்கும் மஞ்சள் ஓடு மழையில் வழுக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதே ஓட்டில் நானே விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் யாழினிக்கு அப்போது பதினான்கு மாதம். கைக்குழந்தைக்காரி காலை உடைத்துக்கொண்டு படுத்தால் வீடு என்னாகும்? கிள்ளான் பக்கம் பண்டமாரானிலிருந்து என் கணவரின் தங்கை சுதா, துறைமுக லோரி கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

சைக்கிள் பந்தயத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். சீரியலில் யாராவது அழுதால் குழந்தை விழித்துவிடுகிறது. இதில் வர்ணனை செய்கிறவர் தாலாட்டு மாதிரி பேசுகிறார் என்று, தினமும் காலையில் வரும் மறு ஒளிபரப்பைப் போட்டுவிடுவாள். எங்கோ ஐரோப்பாவில் மூன்று வாரம் நடக்கும் பந்தயம். தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் சோபாவில். கீரை ஆய்ந்துகொண்டு அவள் தரையில். இன்றும் முருங்கைக்கீரை வாசம் வந்தால் எனக்குப் பனிமலை ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள்.

சுதாவுக்கு ஜெயிக்கிறவர்கள் மேல் அக்கறை இல்லை. பின்னால் வரும் காருக்குப் போய், சட்டைக்குள் ஏழெட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டு, திரும்ப மேடேறி வந்து கூட்டாளிகளுக்குக் கொடுப்பான் ஒருவன். அவனைத்தான் பார்ப்பாள்.

"எல்லாருக்கும் இவன் தண்ணி தூக்கறான். இவனுக்கு யாரு தருவா அண்ணி?"

நான் ஜெயித்தவனைப் பார்த்தேன். அவ்வளவு மேடேறியும் மூச்சு வாங்காமல் சிரிக்கிறானே, எப்படி? முன்பெல்லாம் சிலர் ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு ஓட்டியதையும், பட்டத்தைப் பிடுங்கியதையும் வர்ணனையாளர் சொல்லியிருந்தார். அதன் பிறகு எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். ஜெயித்தவனை மேடையிலிருந்து இறங்கியதும் சோதனைக்குக் கூட்டிப் போகிறார்கள். அவனும் கோபப்படாமல் போகிறான். அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வாரம்தான் கவனித்தேன். என்னிடம் நாற்பது நிமிடம் தூங்கும் யாழினி, சுதாவிடம் மூன்று மணி நேரம் தூங்கினாள். கேட்டேன். "காலையில கீழ நடக்க விடறேன்ல, அதான் அண்ணி, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது" என்றாள். நியாயமான பதில்தான். ஆனால் வீட்டில் குழந்தைக்கு வாங்கிய இருமல் மருந்து இருந்தது. குடித்தால் தூக்கம் வரும் மருந்து. உள்ளறையில் படுத்திருக்கும் குழந்தையின் மூச்சை, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அவள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, ஊன்றுகோலோடு போய் மருந்தை எடுத்து, மருந்து நிற்கும் மட்டத்தில் புருவப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். சோதனைதானே, தப்பில்லாதவர்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், மருந்து கோட்டுக்குக் கீழே.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "நானே குடிச்சிருப்பேன் லா, தொண்டை கரகரன்னு இருந்துச்சு" என்றார். என்றைக்கு என்று கேட்டேன். ஞாபகம் இல்லையாம். தங்கையைக் காப்பாற்றுவதற்காக இப்படிச் சொல்கிறாரா, உண்மையைத்தான் சொல்கிறாரா? மறுநாளே, பக்கத்து வீட்டு ஆன்டி பார்த்துக்கொள்வார் என்று ஏதோ சொல்லி, சுதாவைக் கிள்ளான் ரயிலில் ஏற்றிவிட்டார். விஷயம் அவளுக்குத் தெரியாது. செருப்பு மாட்டும்போது, "நாளைக்குக் கடைசி மலை. அந்தத் தண்ணிக்காரன் ஏறி முடிச்சானான்னு போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள். நான் பண்ணவில்லை.

ஆன்டியிடம் யாழினி ஒரு நாள் நாற்பது நிமிடம் தூங்கினாள். இன்னொரு நாள் மூன்று மணி நேரம். கோடு போட்டபோது பாட்டிலை நேராகத்தான் பிடித்திருந்தேனா என்று அப்போதுதான் தோன்றியது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். அந்தச் சேனலும் இப்போது எங்களிடம் இல்லை. நானும் சுதாவும் தீபாவளிக்குத் தீபாவளி முறுக்குத் தட்டைக் கைமாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஒரே வீட்டில் வாயடித்துக்கொண்டிருந்த அந்தக் காலைகள் போய்விட்டன.

நேற்று அவளிடமிருந்து குரல் செய்தி. அவளுக்கு ஏழாம் மாதம், வர்ற ஞாயிறு கிள்ளானில் வளைகாப்பு. "மொத வளையல் நீங்கதான் போடணும் அண்ணி. பிள்ளை பொறந்ததும் ஒரு மாசம் எங்கூட வந்து இருங்க. வேற யாரையும் நம்பி என்னால கொடுக்க முடியாது."

உங்களிடம் கேட்கிறேன். போவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டுமா? இப்படி ஒருவரைச் சந்தேகப்பட்டு, பிறகு அவரிடமே சொன்னவர்கள் உங்களில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். சொன்ன பிறகு, அவர்கள் தங்கள் குழந்தையை உங்கள் கையில் கொடுத்தார்களா?