பெரியவரின் பாதி

அந்தச் சீன உணவகத்துக்கு நாற்பது வருஷமாகக் கூட்டம் வந்ததெல்லாம் ஒரு கறுப்பு சாஸுக்காகத்தான். அதன் பக்குவத்தை அப்பா இரண்டாகப் பிளந்தார். மசாலாவும் சர்க்கரையும் கொதிக்கும் பாதியை மூத்த மகனுக்கும், பூண்டும் சோயாவும் சேரும் பாதியை இளையவனுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தனிக்கடை போட்டுவிடுவார்களாம். பெற்ற பிள்ளைகள்மேல் அவ்வளவு நம்பிக்கை!

மூத்தவரை எல்லோரும் பெரியவர் என்றார்கள், தம்பி சின்னவர். காலையில் வேலையாட்கள் வருமுன் பெரியவர் மாடியில் தன் பாதியைக் காய்ச்சி, ஜாடியில் ஊற்றிக் கீழே கொண்டுவந்து கொடுப்பார். இரண்டையும் கலப்பது சின்னவர் வேலை. முன்பெல்லாம் அப்போது சமையற்கட்டுக் கதவு திறந்தே கிடக்கும். பெரியவர் ஒரு பெரிய காய்ச்சலில் விழுந்து எழுந்த பிறகுதான் தம்பி அதைச் சாத்த ஆரம்பித்தார்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று பெரியவர் மனைவியிடம் கேட்டார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அந்த அம்மாள் கைதேர்ந்தவர். ஓரகத்தி அடுத்த தெருவில் காலிக் கடை ஒன்றை எட்டிப் பார்த்ததைக் கண்ணால் கண்டேன் என்றார். அன்றிலிருந்து பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி இருமினால் சந்தேகம், சிரித்தால் சந்தேகம். சாஸைத் தொட்டு நக்கினால், அண்ணன் பாதியை நாக்காலேயே திருடுகிறான் என்று வயிறு எரிந்தது. அவன் போய்விட்டால் கையில் மிஞ்சும் பாதி சாஸை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா?

ஒருநாள் பொறி வைத்தார். அன்னாசிப்பூவைப் போடாமலே காய்ச்சிக் கொடுத்தார். அது இல்லாவிட்டால் சாஸ் வெறும் கறுப்புத் தண்ணீர். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் தம்பி யோக்கியன். ருசித்துத் தின்றால் ரகசியம் போய்விட்டது என்று அர்த்தம். எதைத் தின்றாலும் குறை சொல்லும் தையல்காரர் மதியம் வந்தார். தட்டை வழித்துத் தின்றுவிட்டு இன்னொரு தட்டு கேட்டார்.

பெரியவர் விறுவிறுவென்று சமையற்கட்டுக்குள் போனார்.

"என் பாதி உனக்கு எப்பலேர்ந்துடா தெரியும்?"

சின்னவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்க காய்ச்சல்லேர்ந்து எழுந்ததுலேர்ந்துண்ணே."

அப்படியென்றால் கடை எப்போது திறக்கிறாய் என்று பெரியவர் பாய்ந்தார். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த சின்னவரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. தனியாகப் போகலாம் என்று கெஞ்சியது தான்தான் என்றும், அண்ணனை அப்புறம் யார் பார்ப்பது என்று இந்த மனிதர் வாயை அடைத்துவிட்டார் என்றும் படபடவென்று கொட்டினாள். பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அன்னாசிப்பூவ நான் வேணும்னுதான் போடல. வசமா மாட்டிக்கிட்ட பாரு."

"அது மட்டும்னா பரவாயில்லண்ணே." சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். "சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டிருந்தீங்க. அப்படியே கொட்டிட்டு, நாக்குல இருந்த பழைய ருசிய வெச்சுப் புதுசா காய்ச்சினேன்."

"இன்னிக்கா?"

"அடிக்கடி நடக்கிறதுதான்."

பெரியவர் கழுவப் போட்டிருந்த ஜாடியை எடுத்து, அடியில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தார். உப்பா சர்க்கரையா என்று தெரியவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டில் ருசியே இல்லை என்று மனைவியைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. தம்பி முகத்தைப் பார்க்கக் கூசியது.

"யார் யாருக்குத் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இவளத் தவிர யாருக்கும் தெரியாதுண்ணே. அதுக்குத்தானே கதவச் சாத்துறது."