ஆஃப்ராவின் பத்துக் குவளைகள்

ஆஃப்ரா ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அப்புறம் அவளோடு பேசிப் பயனில்லை. எங்கள் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டுக்கு மேல்மாடியில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன் நான். மியூனிக்கில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். காலையில் நிம்மதியாகத் தூங்குவது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த சுகம். அதற்கும் அவள் உலை வைத்தாள்.

வருடம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பவள் அவள். ஆனால் அவளிடம் என்ன வேலை என்று கேட்டால் அதைச் சொல்லவே மாட்டாள். செப்டம்பரில் ஊர்த் திடலில் பீர் விழா தொடங்கினால் பதினாறு நாளும் ஒரு பெரிய பீர் பந்தலில் பரிமாறுகிறாளே, அதைத்தான் சொல்வாள். இருபத்து மூன்று வயதில் போனவள், இருபத்தொன்பது விழா பார்த்துவிட்டாள். பாண்டு வாத்தியக்காரர்களுக்கு இடப்பக்கத்து மேசை வரிசை அவளுடையது. லிட்டர் குவளை பத்தை ஒரே நடையில் தூக்கி வருவாள். கைக்கு ஐந்தாகக் கைப்பிடிகளை உள்பக்கம் சேர்த்துப் பிடித்து, மொத்தத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு, நடக்கவும் இல்லை ஓடவும் இல்லை என்கிற ஒரு வேகத்தில் வருவாள். கூட்டம் தானாக விலகும்.

போன வருட விழாவின் ஐந்தாம் நாள் படியில் வழுக்கி வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் மேலும் நாலு நாள் தூக்கியிருக்கிறாள். ஒன்பதாம் நாள் கை விட்டுவிட்டது, குவளைகள் விழுந்து நொறுங்கின. பக்கத்தில் வந்த இன்னொரு பரிமாறும் பெண்ணின் கெண்டைக்காலைக் கண்ணாடி கிழித்து ஏழு தையல்.

பந்தலில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவி நோட்புர்கா. அறுபதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். வசந்த காலத்தில் ஆஃப்ராவுக்குப் போன் செய்து, இந்த வருடம் வர வேண்டாம், கையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அன்று ஆஃப்ரா அழுதாள். தரை வழியாக எனக்குக் கேட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் படிக்கட்டில் கண்ணாடி மோதும் சத்தம். தண்ணீர் நிரப்பிய குவளைகளோடு ஏறி இறங்குகிறாள். முதலில் கைக்கு ஒன்று. ஜூனில் மூன்று. ஆகஸ்டில் ஐந்து. நான் கதவைத் திறந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். "இக்னாஸ், ஒதுங்கி நில்லுங்க, மேல கொட்டிரும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம்தான் இந்த வீட்டு விழா. பந்தலுக்குள் விடவில்லையென்றால் பந்தலையே முற்றத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். திடலில் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. நீல வெள்ளைக் கட்டம் போட்ட துணிகள், வாடகைக்கு எடுத்த நீள மேசைகள், சுருள் சுருளாகச் சீவி உப்பிட்ட முள்ளங்கி, முழங்கை நீளத்துக்கு முறுக்கிச் சுட்ட பிரெட்சல் ரொட்டி, முப்பது லிட்டர் மரப்பீப்பாய் ஒன்று. நோட்புர்காவுக்குக் கைப்பட எழுதிய அழைப்பு. அவள் கண்ணெதிரே பத்தையும் தூக்கிக் காட்டினால் தன் வரிசை திரும்பக் கிடைக்கும் என்பது கணக்கு. நானும் அப்படித்தான் நம்பினேன்.

நோட்புர்கா வந்தாள். நல்ல பச்சை உடையில் வந்து மேசையின் கடைசியில் உட்கார்ந்தாள். பீப்பாயைத் திறக்கும் பொறுப்பை ஆஃப்ராவின் தம்பி கொர்பினியான் பிடுங்கிக்கொண்டான். மரச் சுத்தியலால் குழாயை அடித்து இறக்குவது. இரண்டடியில் இறக்கினால் மரியாதை, மூன்றென்றாலும் பாதகமில்லை. சுற்றி நின்று எல்லோரும் உரக்க எண்ணினோம். ஏழு வரைக்கும் எண்ண வேண்டியிருந்தது. பீரில் பாதி என் சட்டையில். ஆள்தான் மலை மாதிரி இருக்கிறான், கை வெண்ணெய்.

குவளைகள் நிரம்பியதும் ஆஃப்ரா ஏப்ரனை இறுக்கிக் கட்டினாள். ஐந்தைச் சேர்த்தாள், இன்னொரு ஐந்தைச் சேர்த்தாள், தூக்கினாள். முற்றத்தின் சரளைக்கல் பீரில் நனைந்து வழுக்கியது. பத்தடி ஒழுங்காக வந்தாள். காலை ஆறு மணிக்கு அவளைத் திட்டியதையெல்லாம் மனசுக்குள் வாபஸ் வாங்கினேன்.

அப்போதுதான் அந்த மடையன் எழுந்தான். அக்காவுக்குப் பாரம் குறையட்டும் என்று அவள் வலது கையின் நடுவிலிருந்து ஒரு குவளையை உருவிவிட்டான். பந்தலில் கால் வைக்கிற யாரும் செய்யக்கூடாத காரியம் இது. அந்தக் குவளைகள் ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கின்றன. நடுவில் ஒன்று போனால் மிச்சமெல்லாம் சாயும், சாய்கிற பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். வெளியூர்க்காரன் செய்தால் மன்னிக்கலாம். இவன் பிறந்ததே திடலுக்குப் பக்கத்துத் தெருவில்.

ஆஃப்ராவின் முகம் வெளுத்தது. மிச்ச நான்கும் அவள் வலது கையில் ஆடின. போன வருட ஆஃப்ராவாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்திருப்பாள். இவள் நின்றுவிட்டாள்.

"கொர்பினியான். எடுத்த எடத்துலயே திருப்பி வை."

"இல்லக்கா, உனக்கு ஒத்தாசையா…"

"வைடா. கை வலிக்குது."

முற்றமே கேட்டது. அவன் குவளையைப் பழைய இடத்தில் செருகினான். அவள் பிடியைச் சரிசெய்துகொண்டு மிச்ச தூரத்தைக் கடந்து, நோட்புர்காவின் முன்னால் பத்தையும் இறக்கினாள். மேசையில் ஒரு சொட்டு விழவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நோட்புர்கா தட்டவில்லை.

"கையக் காட்டு" என்றாள்.

ஆஃப்ரா நீட்டினாள். விரல்கள் அவள் பேச்சைக் கேட்காமல் துடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன்.

"எவ்வளவு தாங்கும்? பொய் சொல்லாத."

ஆஃப்ரா என்னைப் பார்த்தாள், படிக்கட்டு இருக்கிற பக்கம் பார்த்தாள். ஆறு மாதம் எதற்காக ஏறி இறங்கினாளோ அந்த எண்ணை வாய் திறந்து குறைப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"எட்டு தாங்கும். பத்துன்னா நாலாவது நடையிலேயே வலிக்க ஆரம்பிச்சிரும்."

நோட்புர்கா தன் குவளையை எடுத்து நிதானமாகக் குடித்தாள். உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்ன நிறுத்துனது கை ஒடைஞ்சதுக்குன்னா நினைச்ச? எத்தனையோ பேருக்கு ஒடைஞ்சிருக்கு. நாலு நாள் எங்கிட்ட மறைச்ச பாரு, அதுக்குத்தான். உன்னால அந்தப் பொண்ணு கால்ல இன்னும் தழும்பு இருக்கு."

ஆஃப்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணிடம் இன்னும் போய்ப் பேசவில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்குப் போய்ப் பேசு. சனிக்கிழம காலைல ஒம்பது மணிக்கு வந்துரு. உன் வரிசைதான். எட்டுக்கு மேல ஒண்ணு நீ தூக்குறதப் பாத்தேன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அப்புறம் தன் பக்கத்தில் பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். இருபத்தொன்பது விழாவில் முதல்முறையாக ஆஃப்ரா உட்கார்ந்து குடித்தாள். குவளையைத் தூக்கிக் கொடுத்தது கொர்பினியான், இரண்டு கையாலும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படிக்கட்டில் அதே சத்தம். திட்டுவதற்காகத்தான் கதவைத் திறந்தேன். குவளைகளை எண்ணினேன். எட்டுதான். ஒதுங்கி வழிவிட்டேன்.