கோவிந்தப்பன் வந்து கேட்டால்

“சாப்புட்டாச்சா?”

பதில் வருவதற்குள் அடுத்த ஆளைப் பார்த்துக் கேட்டுவிடுவார். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியின் வாசல். காலை ஐந்தே முக்காலுக்கு முதல் ஷிப்ட் பஸ்கள் வந்து நின்றால், வருகை பதியும் டைம் ஆபீஸ் ஜன்னலில் கோவிந்தப்பனின் தலை தெரியும். கன்னடக்காரர் இறங்கினால் “ஊட்டா ஆய்த்தா?”, தெலுங்கு வீட்டு ஆளென்றால் “அன்னம் தின்டிரா?” விடிவதற்கு முன்னால் எவன் சாப்பிட்டிருப்பான்? அது அவருக்கும் தெரியும். வாய்க்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். என்ன பதில் வந்தாலும் “நல்லது, நல்லது” என்பார். வயிற்றுவலி என்று லீவு கேட்டவனிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

கெலமங்கலத்துக்காரர். வயது ஐம்பத்தாறு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று எழுதாது. மூன்று பாஷையிலும் சேர்த்து அவரிடம் இருப்பது பத்துப் பதினைந்து வாக்கியம்தான். “அப்புறம்?” “வேறென்ன விசேசம்?” “வெயிலு இந்த வருசம் சாஸ்திங்க.” இவற்றை வைத்தே இருபத்திரண்டு வருடம் காலத்தைத் தள்ளிவிட்டார்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்வது அவர்தான். மேனேஜர்கள் போகமாட்டார்கள். “கோவிந்தப்பன்னா பக்குவமா சொல்லுவாரு” என்று அவர் தலையில் கட்டிவிட்டு ஏசி அறைக்குள் போய்விடுவார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

முதல் தடவை அவருக்கு அந்தப் பக்குவம் இல்லை. வாசலில் நின்றபடியே சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டார். கேட்டவள் கைக்குழந்தைக்காரி, காட்டு வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வந்து சேர இரண்டு நாளானது. அவள் மயங்கி விழுந்து கிடக்க, பிள்ளை வெறும் மார்பைச் சப்பிச் சப்பி அழுதது. அந்த அழுகையைக் கோவிந்தப்பன் நின்று கேட்டார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் “சாப்புட்டாச்சா?” என்றுதான் கேட்பார். இல்லை என்றால், “சாப்புடுங்க, நான் இருக்கறேன்” என்று ஓரமாக உட்கார்ந்து, மழை, பஸ், தக்காளி விலை என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார். அவர்கள் கை கழுவிய பிறகுதான் விஷயத்தைச் சொல்வார். அந்த முதல் வீட்டோடு சேர்த்து ஒன்பது வீடு.

இது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு கல்யாணப் பந்தியில் அவர் வாய்தவறிக் கேட்டுவிட, ஓர் அம்மாள் பாதி இலையில் எழுந்துபோய், கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டாள். “உங்களுக்குப் புண்ணியமா போவும், ஊட்டுல மட்டும் அந்த வார்த்தைய எடுக்காதீங்க” என்று மனைவி ஜோதிமணியும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அவளும் அவரைக் கேட்பதில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்தாவது வீடு, ராயக்கோட்டைக்குப் பக்கத்தில். விஜயகுமாருக்கு முப்பத்திரண்டு வயது. கிரேனில் தூக்கிய இரும்பு அச்சு சங்கிலி அறுந்து விழுந்ததில் அந்த இடத்திலேயே போய்விட்டான். கோவிந்தப்பன் போனபோது, அவன் மனைவி மாதேஸ்வரி வாசல் அடுப்பிலிருந்து களிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண் குழந்தைகளும் தட்டோடு உட்கார்ந்திருந்தன.

“வாங்கண்ணா. யாருன்னு தெரியலீங்களே.”

“கம்பெனியிலிருந்துதாம்மா. இந்தப் பக்கம் ஒரு வேல. வெயிலு சாஸ்தி, இல்ல?”

“ஆமாங்கண்ணா.”

“தக்காளி இப்ப என்ன வெல போவுது?”

சொன்னாள். “நல்லது, நல்லது” என்றார். பிறகு கேட்டார்.

“சாப்புட்டாச்சாம்மா?”

அவள் கை பானை மேலேயே நின்றுவிட்டது.

“நீங்க... அந்த டைம் ஆபீஸ் அண்ணனா?”

“ஆமாம்மா.”

அந்தப் பத்துப் பதினைந்து வாக்கியங்களில் ஒன்றும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. மாதேஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள். குனிந்து களியை உருட்டி இரண்டு தட்டிலும் வைத்துக் கீரைக் குழம்பை ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது.

“அப்பா வரட்டும்மா, ஒண்ணா சாப்புடலாம்” என்றாள் பெரியவள் யுவஸ்ரீ.

“அப்பா வர நேரமாவும். நீங்க சாப்புடுங்க கண்ணு.”

சின்னது நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளியது. மாதேஸ்வரி அதை இழுத்து மடியில் வைத்து, பிட்டுப் பிட்டு ஊட்டினாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாளே தவிர, ஊட்டுவதை நிறுத்தவில்லை.

யுவஸ்ரீ நிமிர்ந்து, “மாமா, நீங்க சாப்புட்டீங்களா?” என்றாள்.

முதல் ஷிப்டுக்கு வந்ததிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. “ஆச்சு கண்ணு” என்றார்.

இரண்டு தட்டும் காலியாயின. “நீயும் ஒரு வாய் சாப்புடும்மா” என்றார் கோவிந்தப்பன்.

மாதேஸ்வரி குழந்தைகளின் கையையும் வாயையும் கழுவித் துடைத்துவிட்டாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு வந்து அடுப்பில் ஊற்றினாள்.